டிக்கிக்கு எடுத்த அளவு

மனிதன் நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொண்ட அன்றைக்குத்தான் நாகரிகம் பிறந்தது. கார் என்பது அந்த உட்காருதலின் உச்சம். ஆகவே காரில் படுத்துக்கொண்டு போகிறவர் எவராயினும் மனித குலத்தையே பின்னுக்கு இழுக்கிறார். படுத்துப் போக உரிமையுள்ள ஒரே பயணி பிணம். அதுவும் ஆசைப்பட்டுப் படுக்கவில்லை.

இந்த உண்மையை வாத்தியார் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்க் குவளையைக் கையில் பிடித்தபடி, சிரிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, யாராவது குறித்துக்கொள்கிறார்களா என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தார். மேசையில் மனைவி ஒருத்திதான் இருந்தாள். அவளும் உட்கார்ந்திருக்கவில்லை. நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் அல்ல, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டக் கற்றவர்கள்; மீதிப் பாதி, அவர்கள் வருவதைப் பார்த்தால் நடைபாதையில் ஏறிக்கொள்ளக் கற்றவர்கள். மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. வருடக்கணக்காகக் குனிந்து குனிந்து தைத்ததில் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே முதுகெலும்பில் ஏதோ ஒன்று அதன் இடத்தை விட்டு வெளிநடப்புச் செய்துவிட்டது. நிற்கலாம், நடக்கலாம், படுக்கலாம், உட்கார மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் தையல் மிஷினை உயரமான மேசையில் ஏற்றி, நின்றுகொண்டே தைக்க ஆரம்பித்தாள். வாழ்க்கை ஒருவாறு நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் தங்கை போன் செய்தாள். அரை நாள் பயணத் தொலைவில் இருக்கிற தங்கை. தாயில்லாப் பெண், அக்காதான் தலைவாரி, சண்டை போட்டு, கல்யாணம் வரைக்கும் வளர்த்தவள். இப்போது நிறைமாதம், முதல் பிரசவம். "நீ வந்து பக்கத்துல நிக்கலன்னா நான் பெத்துக்கவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அது தன் கையில் இல்லை என்பது தங்கைக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். இருந்தாலும் அக்கா, வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் படுக்க விடமாட்டார்கள். வீட்டு வாசலில் நிற்பதோ ஒரு எஸ்டேட் கார். சாமான் ஏற்றுவதற்காக முதுகை நீட்டிச் செய்த வண்டி. எஸ்டேட் என்று பெயரே தவிர, வாங்கியவனுக்கு ஒரு பிடி மண்கூடச் சேர்ந்து வராது.

"நம்ம வண்டியில பின் சீட்டை மடிச்சுப் போட்டுட்டு, நான் படுத்துக்கிட்டு வரட்டுமாங்க?" என்று அவள் கேட்டதற்குத்தான் நாகரிகத்தின் வரலாறு பதிலாக வந்தது.

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "பிணத்துக்கு இடம் இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அப்போ எனக்கும் இருக்கும்."

மறுநாள் காலையில் வாத்தியார் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தபோது, காரின் பின்கதவு வாயைப் பிளந்து நின்றது. உள்ளே மனைவி முழங்காலில் நின்று, டிக்கித் தரைமேல் பழைய செய்தித்தாள்களை விரித்துக் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. அதோடு, இவள் என்னதான் செய்கிறாள் பார்ப்போமே என்ற ஒரு நமைச்சலும் வந்தது. முன்னதை வெளியில் காட்டினார். பின்னதைக் காட்டாமல் இருக்கப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு பல் துலக்கினார். அன்றைக்கு அவர் பற்கள் அளவுக்கு மீறிச் சுத்தமாயின.

பிரச்சினை இதுதான். பின் சீட்டின் முதுகை மடித்துப் போட்டால் அது டிக்கித் தரையோடு சேராது. ஒரு சாண் உயரத்தில் படிக்கட்டுபோல நிற்கும். அந்தப் படியில்தான் இடுப்பு வரும். சரியில்லாத இடுப்பைப் படியில் கிடத்துவதற்கு, வீட்டிலேயே இருந்து தொலைக்கலாம். ஆகவே டிக்கித் தரைக்கு மேலே, படியின் உயரத்துக்கு, கால் வைத்த இன்னொரு தரை வேண்டும். மேலே ஒரே மட்டமாக ஒரு பலகை ஓட வேண்டும். இதையெல்லாம் தச்சரிடம் சொன்னால் அவர் வேலை வேலை என்று குழந்தை நடக்கிற பருவத்தில்தான் வருவார். அவளுக்குத் தெரிந்ததோ ஒரே தொழில். உடம்புக்கு எப்படி அளவெடுப்பாளோ அப்படியே டிக்கிக்கும் எடுத்தாள். காகிதத்தில் வெட்டிப் பொருத்தி, பிறகு அதைப் பலகையில் வரைவதாகத் திட்டம்.

சக்கரங்கள் இருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் உள்ளே புடைத்துக்கொண்டிருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்து, "இங்க கைக்குழி வெட்டணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வாத்தியாரால் பொறுக்க முடியவில்லை. "கழுத்து எங்க வைக்கப் போற?"

"கழுத்து உங்களுக்குத்தான் வைக்கணும். எட்டி எட்டிப் பாக்குறீங்களே."

அவர் உள்ளே போய் வாய் கொப்பளித்தார்.

காகித டிக்கி சட்டைபோல அழகாக வந்தது. அவள் அதைச் சுருட்டிக்கொண்டு மரக்கடைக்குப் போனாள். கடைக்காரர் ப்ளைவுட் பலகையைக் கிடத்தினார். அவள் காகிதத்தை மேலே விரித்து, தையல் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். கடைக்காரர் கோட்டின்மேல் ரம்பத்தை ஓட்டினார். மாலையில் பலகை வந்து இறங்கியது. சக்கரத்துக்கு இரண்டு கைக்குழி வெட்டி, ராட்சதனுடைய பனியன்போல இருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கி டிக்கிக்குள் நுழைத்தார்கள். நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். எல்லாப் பக்கமும் சரியாக அரை விரல் அகலம் கூடுதலாக இருந்தது. ஒரு பக்கம் தவறினால் கை தவறியது எனலாம். நாலு பக்கமும் ஒரே அளவு தவறினால் அது கொள்கை.

அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். காகிதத்தை எடுத்துப் பலகைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, கையால் வாயை மூடிக்கொண்டாள். காகிதத்தின் ஓரத்தில் ஒரு கோடு. அதற்கு வெளியே, அரை விரல் தள்ளி, இன்னொரு கோடு. கை தன் பாட்டுக்குப் போட்ட கோடு. தையலுக்கு விடுகிற இடம். ரம்பம் வெளிக்கோட்டில் ஓடியிருக்கிறது.

வாத்தியார் இப்படியொரு வாய்ப்புக்காகத்தான் பிறந்திருந்தார். பலகையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். தட்டிப் பார்த்தார். மிகவும் பணிவாகக் கேட்டார்:

"ஓரத்தை மடிச்சு அடிக்கிறது கையாலயா, மிஷின்லயா?"

அவள் காகிதத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள். அவர் இன்னும் கொஞ்சம் சொன்னார். டிக்கி குண்டானால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்றார். துவைத்தால் சுருங்குமா என்று விசாரித்தார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தையலுக்கு இடம் விட்டு வெட்டிய உலகின் முதல் பலகையைக் காட்டினார். மட்டம் தட்டுவதில் வாத்தியாருக்கு மட்டப்பலகை தேவைப்பட்டதேயில்லை.

சாயங்காலம் முன்னறையில் அவள் தங்கையோடு போனில் பேசுவது அவர் காதில் விழுந்தது. பலகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கால் வீங்குதா? எதுக்கு அழுற? வரேன்னு சொன்னேன்ல, வருவேன். படுத்துக்கிட்டாவது வருவேன்" என்றாள். போனை வைத்தபின் சுவரில் கையை ஊன்றிச் சற்று நேரம் நின்றாள். வாத்தியார் கதவுக்கு இந்தப் பக்கம், சொல்லாமல் மிச்சம் வைத்திருந்த இன்னொரு நல்ல நகைச்சுவையை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அது கொஞ்ச நேரத்தில் புளித்துப்போயிற்று.

அவள் அடுத்த நாளே பலகையை மரக்கடைக்குத் திருப்பி அனுப்பி உள்கோட்டில் வெட்டி வாங்கினாள். இப்போது உள்ளே போயிற்று. ஆனால் ரம்பம் தின்றது கொஞ்சம், அறுத்தவர் கை தள்ளியது கொஞ்சம் என்று, ஓரத்தில் இடைவெளி விழுந்து பலகை கடகடவென்று ஆடியது. வெட்டிய துண்டைக் குப்பையில் போடுவது அவள் வழக்கமில்லை. அறுத்து எடுத்த அந்த மெல்லிய குச்சிகளை வாங்கி வந்திருந்தாள். அவற்றுக்குப் பழைய துணி சுற்றி, ஓரத்தில் செருகினாள். ஆட்டம் நின்றது.

பிறகு மட்டம் பார்க்கிற படலம். அவளிடம் மட்டப்பலகை இல்லை, நூல்கண்டு இருந்தது. பலகைமேல் வைத்தால் அது உருளாமல் நிற்க வேண்டும். வைத்தாள். உருண்டது. பலகைக்குக் கீழே இருந்த கட்டைக் கால்களில் ஒன்றுக்கு அடியில் அட்டை வைத்தாள். உருண்டது. இன்னொரு அட்டை வைத்தாள். நூல்கண்டு பலகையின் ஓரம்வரை வந்து, நூலை விட்டுக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தது.

வாத்தியார் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும், கோளாறு பலகையில் இல்லை. தெருவே சரிவு. பார்த்தால் தெரியாது, ஆனால் பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் போகும். மேட்டில் வண்டி எடுப்பது எப்படி என்று இந்தத் தெருவில் வைத்துத்தான் அவர் எத்தனையோ பேரை அழ வைத்திருக்கிறார். இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. நாலாவது அட்டை வரைக்கும் ரசித்தார். ஐந்தாவது அட்டைக்கு அவள் குனிந்தபோது, முதுகில் சுளீர் என்று இழுத்திருக்க வேண்டும். அப்படியே அசையாமல் நின்றுவிட்டாள்.

அவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். "இங்க வெயில் அடிக்குது, பெயின்ட் போயிடும்" என்று சொல்லி, காரைத் தெரு முனையில் கடைகளுக்கு முன்னால் இருக்கிற சமதளத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே வெயில் இன்னும் நன்றாக அடித்தது. அவள் வானத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அட்டைகளையெல்லாம் உருவினாள். நூல்கண்டை வைத்தாள். நின்றது.

கடைசித் துருப்பாக அவர் ஸ்டெப்னியை இறக்கினார். டயர் பஞ்சரானால் பலகைக்கு அடியில் இருக்கிற ஸ்டெப்னியை எப்படி எடுப்பதாம்? அவள் பலகையின் பின்பாதியைத் தூக்கிக் காட்டினாள். அது கீல் இல்லாமல் மடங்கியது. குறுக்கே அறுத்த இடத்தில், இரண்டு பாதியையும் கெட்டியான கித்தான் துணியால் சேர்த்து ஆணி அடித்திருந்தாள். கோட்டுக் காலர்போல மடிந்தது. அடியில் இருந்த காலி இடத்தைக் காட்டி, "இது பாக்கெட்டு" என்றாள். தங்கைக்கு எடுத்துப்போகிற துணிமணி எல்லாம் அதற்குள் போய்விட்டது. உடம்பைக் கட்ட இரண்டு அகலப் பட்டைகளும் தைத்து, பக்கத்துக் கொக்கிகளில் மாட்டியிருந்தாள். வாத்தியார் அவற்றை இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிய்யவில்லை. நாகரிகம் தோற்றது, மறுநாள் கிளம்பினார்கள்.

தலை அவர் சீட்டுக்குப் பின்னால், கால் பின்கதவுப் பக்கம் என்று மெத்தை விரித்துப் படுத்தாள். வாத்தியாரே பட்டைகளை மாட்டினார். "பார்சல் ரெடி" என்றார்.

"உடையக்கூடியதுன்னு எழுதி ஒட்டுங்க" என்றாள் பார்சல்.

அந்தப் பயணத்தில் வாத்தியார் ஓட்டியதுபோல் அவர் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. வேகத்தடை வந்தால், தூங்குகிற குழந்தையைத் தாண்டுவதுபோலத் தாண்டினார். பள்ளங்களை முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கடந்தார். மூன்று முறை சோதனையில் தோற்ற அவருடைய பழைய மாணவி ஒருத்தி, பின்னாலிருந்து வந்து, சிக்னல் போட்டு, முறைப்படி முந்திக்கொண்டு, கையசைத்துவிட்டுப் போனாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

அதுகூடப் பரவாயில்லை. அவரைத் தின்றது வேறொன்று. பின்னால் அவள் எதையோ பார்த்துக்கொண்டே வந்தாள். அவருக்குத் தெரியாத எதையோ. முதலில் "அட" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "இது இப்படியா இருக்கு!" என்றாள். என்ன என்று கேட்டால், போயிடுச்சு என்றாள். எல்லாமே அவளிடமிருந்து போய்க்கொண்டுதான் இருந்தது போலும். மரம் தலைக்குமேல் பிறந்து, சின்னதாகி, சின்னதாகிப் போகிறது என்றாள். எந்த ஊர் வருகிறது என்று தெரியவில்லை, எந்த ஊர் போயிற்று என்று மட்டும் தெரிகிறது என்றாள். கண்ணாடியில் பார்க்கலாம் என்றால், அவருடைய கண்ணாடி பின்னால் வரும் வண்டிகளைக் காட்டியது. அவள் பார்த்ததைக் காட்டவில்லை. திரும்பிப் பார்க்கலாமென்றால், ஓட்டும்போது திரும்பாதே என்று ஊரில் பாதிப் பேர் தலையில் குட்டியது அவர்தான்.

வழியில் ஒரு லாரி பின்னால் வந்து சேர்ந்தது. முந்துவதற்கு ரோடு காலியாக இருந்தும் முந்தவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. வெகு தூரம் அடக்க ஒடுக்கமாகப் பின்னாலேயே வந்தது. லாரிக்காரர்களிடம் இவ்வளவு நாகரிகம் எப்போது வந்தது என்று வாத்தியார் வியந்துகொண்டிருந்தபோது, லாரி சடாரென்று வேகம் குறைத்து, கண்ணாடியில் ஒரு புள்ளியாகி, காணாமல் போயிற்று. பின்னால் பலகை அதிர்ந்தது. அவள் சிரிக்கிறாள்.

"என்னாச்சு?"

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, முதுகு வலிக்குது."

"நான் எங்க சிரிக்க வச்சேன்? என்னன்னுதான் கேட்டேன்."

"அப்புறம் சொல்றேன். ரோட்டைப் பாருங்க."

ஓட்டும்போது ரோட்டைப் பார் என்று வாத்தியாரிடமே சொன்ன முதல் ஆள், படுத்துக்கொண்டிருந்தாள்.

போய்ச் சேர்ந்ததும் தங்கைதான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தாள். பட்டைக்குள் கிடந்த அக்காவைப் பார்த்து முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பட்டையைக் கழற்றியதும் அக்கா இறங்கி நின்றாள். நேராக நின்றாள். அரை நாள் பயணத்துக்குப் பிறகு, இடுப்பில் கைவைக்காமல் நின்றாள். வாத்தியார் டயர்களைச் சுற்றிப் பார்ப்பதுபோல் அதைத்தான் பார்த்தார்.

அதற்காகவே காத்திருந்ததுபோல் குழந்தை மறுநாள் பிறந்தது. பெண். அக்கா பக்கத்திலேயே நின்றாள். நிற்பது ஒன்றுதான் டாக்டர் அவளுக்குக் கொடுத்திருந்த உரிமை. அதை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம், எல்லோரும் தங்கையின் கட்டிலைச் சுற்றி இருந்தார்கள். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, லாரிக் கதையைச் சொன்னாள். லாரிக்காரர் கண்ணாடி வழியாக, போர்வை போர்த்தி, பட்டை கட்டி, கைகட்டிப் படுத்திருந்தவளைப் பார்த்திருக்கிறார். துக்க வண்டி என்று நினைத்துத் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்திருக்கிறார். முந்தினால் மரியாதைக் குறைவு என்று பின்னாலேயே வந்திருக்கிறார். இவளும் பாவம் என்று எவ்வளவோ நேரம் அசையாமல் கிடந்திருக்கிறாள். கடைசியில் மூக்கு அரித்திருக்கிறது.

"கையை எடுத்துச் சொறிஞ்சேன். அவ்வளவுதான். அந்த மனுசன் மூஞ்சியை நீ பாத்திருக்கணும்டி."

தங்கை தையல் பிரிந்துவிடும் என்று தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். சகலை, தங்கையின் புருஷன், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாமா, நீங்க பாக்கலையா?" என்று தங்கை கேட்டாள்.

"நான் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார் வாத்தியார். அறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாட்டுக்குத் தான் மட்டும் போனதில்லை என்பதுபோல இருந்தது அவருக்கு.

கொஞ்ச நேரம் கழித்து, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் காரணம் சொன்னார். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. பின்கதவைத் திறந்தார். ஸ்டெப்னியின் பக்கம் போகவில்லை. செருப்பைக் கழற்றிக் கீழே ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையில் அவள் தலை விழுந்த பள்ளத்திலேயே தலையை வைத்துப் படுத்தார்.

பின்கண்ணாடி முழுக்கத் தெரு. வந்த வழி. இதுவரைக்கும் அவர் எந்தத் தெருவையும் வந்து முடித்த பக்கமிருந்து பார்த்ததில்லை. சைக்கிளில் ஒருவர் கண்ணாடிக்குள் திடீரென்று பிறந்து, சின்னதாகி, சின்னதாகி, முனையில் திரும்பினார். "அட" என்றார் வாத்தியார்.

முழங்கால்தான் மடங்கியிருந்தது. நீட்டினால் பாதம் கண்ணாடியில் இடித்தது. பலகை அவள் உயரத்துக்கு வெட்டியது. இவர் அவளைவிட நெட்டை. ஓட்டுநர் சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, தலைப்பக்கம் பலகையை ஒரு சாண் நீட்டினால் போதும். பலகை இரண்டு பேர் படுக்கிற அகலம். திரும்பிப் போகும்போது ஏதோ வேலையாகச் சகலையும் கூட வருகிறார். அவருக்கும் ஓட்டத் தெரியும். வழியில் பாதி தூரம் அவரிடம் கொடுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பாக்கெட்டு என்று அவள் சொன்ன காலி இடத்துக்குள் கையை விட்டுத் துழாவினார். சாக்குக்கட்டி அகப்பட்டது. படுத்தபடியே கையைத் தலைக்குமேல் நீட்டி, காலை நீட்டிப் படுத்தால் தன் உச்சந்தலை வருகிற இடத்தில், காரின் பக்கச் சுவரில் கவனமாக ஒரு கோடு போட்டார்.

பிறகு ஜன்னல் வழியாக இரண்டு பக்கமும் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்தக் கோட்டுக்கு வெளியே, அரை விரல் தள்ளி, இன்னொரு கோடு போட்டார்.